அரசருக்கு ஒரு சத்தியம்

கனடாவில் குடியுரிமை கேட்பவர்கள் ஒரு சிறு தேர்வு எழுத வேண்டும். 20 கேள்விகள், 15க்குச் சரியாகப் பதில் சொன்னால் போதும். அதற்கென்று அரசாங்கமே ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. பொறியியலில் மேற்படிப்பு முடித்து, பத்து வருடங்களுக்கு மேலாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவனுக்கு இதெல்லாம் ஒரு தேர்வா என்ற மிதப்பில்தான் அதைத் திறந்தேன். ஆட்சிமுறை பற்றிய பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். கனடா ஒரு கூட்டாட்சி, ஒரு நாடாளுமன்ற மக்களாட்சி, ஒரு அரசியல்சட்ட முடியாட்சி என்கிறது கையேடு. பள்ளிக்கூடக் குடிமையியல் பாடத்தில் முடியாட்சி ஒரு பத்தியிலும் மக்களாட்சி வேறொரு பத்தியிலும் இருந்ததாக ஞாபகம். இங்கே இரண்டும் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்கின்றன.

தேர்வில் தேறிய பிறகு சத்தியப் பிரமாணம். மன்னர் மூன்றாம் சார்லஸுக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சொல்ல வேண்டும். குடியரசு ஒன்றில் பிறந்தவன், 38 வயதில், கடல் கடந்து வந்து ஒரு ராஜாவுக்குப் பிரஜையாகிறேன். இதை வேடிக்கையாக என் அலுவலக நண்பர் ஒருவரிடம் சொன்னேன். இலங்கை மலையகத்தில் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் சிரிக்கவில்லை. "ராஜா இருந்தா என்ன தம்பி, இல்லாட்டி என்ன? ஆளுறவனுக்கு நம்ம தயவு வேணுமா வேணாமா, அத மட்டும் பாருங்க" என்றார்.

அந்த வாக்கியத்தை விளங்கிக்கொள்ள எனக்குச் சில மாதங்களும் கொஞ்சம் புத்தகங்களும் தேவைப்பட்டன.

*

ஆட்சிகளை வகை பிரிப்பதில் பெயர்பெற்ற முன்னோடி அரிஸ்டாட்டில். அவரும் அவருடைய மாணவர்களும் 158 நகர அரசுகளின் அமைப்புகளைத் தொகுத்ததாகச் சொல்லப்படுகிறது. ஏதென்ஸைப் பற்றிய தொகுப்பு மட்டும், எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களின் உபயத்தால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நமக்குத் திரும்பக் கிடைத்தது. ஆள்பவர் ஒருவரா, சிலரா, பலரா? ஆள்வது எல்லோர் நன்மைக்கா, தங்கள் நன்மைக்கா? இந்த இரண்டு கேள்விகளையும் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் ஆறு கட்டங்கள் வரும். இதில் வேடிக்கை, 'டெமாக்ரஸி' என்ற சொல்லை அவர் கெட்ட வரிசையில் வைத்திருப்பதுதான். ஏழைகள் பலர் கூடித் தங்கள் நன்மைக்கு மட்டும் ஆள்வதற்கு அவர் கொடுத்த பெயர் அது.

நாம் பள்ளியில் படித்த பட்டியல்களும் கிட்டத்தட்ட இதன் பேரப்பிள்ளைகள்தாம். ஆனால் இந்தக் கட்டங்கள் நாற்காலியில் இருப்பவரைத்தான் எண்ணுகின்றன. நாற்காலியைத் தாங்குவது எது என்ற கேள்விக்கு அவற்றில் நேரடியான இடமில்லை. அந்தக் கேள்வியை நம் பக்கத்தில் கேட்டிருக்கிறார்கள். அரசன் என்பவன் யாரெல்லாம், எதெல்லாம் கைவசம் இருந்தால் அரசன் என்று வள்ளுவர் ஒரு கணக்குச் சொல்கிறார்: சேனை, குடிமக்கள், செல்வம், அமைச்சர், நட்பு நாடுகள், கோட்டை என ஆறு. அர்த்தசாஸ்திரத்தின் கணக்கில் ஏழு. அங்கே அரசனும் ஓர் உறுப்பாக எண்ணப்படுகிறான். வள்ளுவரின் கணக்கில் அரசன் உறுப்பல்ல, உடையவன். எந்தக் கணக்கை எடுத்தாலும், தனியாக நிற்கும் அரசன் வெறும் ஆள்தான்.

கனடாவுக்கே திரும்புவோம். 1867ஆம் வருட அரசியல்சட்டத்தின் 9ஆம் பிரிவு, நிர்வாக அதிகாரம் முழுவதும் அரசியிடம் என்கிறது. (அப்போது விக்டோரியா.) 15ஆம் பிரிவு, படைகளின் தலைமையும் அவரிடமே என்கிறது. பிரதமர் என்ற சொல் அந்தச் சட்டத்தில் எங்கும் கிடையாது. வேற்றுக்கிரகத்திலிருந்து ஒருவர் வந்து இதை மட்டும் படித்தால், கனடாவை ஒரு சர்வாதிகார முடியாட்சி என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். ஆவணம் ஒன்று சொல்ல நிரல் வேறொன்று செய்வது எங்கள் தொழிலில் தினசரி நடப்பு. இத்தனை பெரிய அளவில் 150 வருடங்களுக்கு மேல் பிழையில்லாமல் ஓடியதைத்தான் பார்த்ததில்லை. மன்னருக்குச் சத்தியம் செய்ய மாட்டோம் என்று சிலர் வழக்குப் போட்டபோது, இந்தச் சத்தியம் ஒரு தனிமனிதருக்கு அல்ல, மன்னர் என்ற குறியீட்டின் வழியாக நம் ஆட்சிமுறைக்கு என்று 2014இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

*

ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். ஆள்பவன் ஏன் ஆள்கிறான் என்று கேட்காமல், பணிபவன் ஏன் பணிகிறான் என்று கேட்டார். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான் என்பதால் பணிவது ஒன்று. தலைவரின் வசீகரத்தில் மயங்கிப் பணிவது ஒன்று. சட்டப்படி அந்தப் பதவியில் இருக்கிறார் என்பதால் பணிவது ஒன்று. தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இரண்டாவதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை.

வேபருக்கு மூன்றரை நூற்றாண்டுக்கும் முன்னால், எத்தியேன் தெ லா போயெசி என்ற பிரெஞ்சு இளைஞர் இன்னும் துணிச்சலாக ஒன்றைச் சொல்லியிருந்தார். கட்டுரை இலக்கியத்தின் பிதாமகரான மோந்தேய்னின் உயிர்த்தோழர் இவர். கொடுங்கோலனை யாரும் வீழ்த்தக்கூட வேண்டாம், தாங்குவதை நிறுத்தினால் போதும், தானாக விழுந்துவிடுவான் என்பது அவருடைய வாதம். ஆங்கிலேயர் இந்தியாவைப் பிடித்துக்கொள்ளவில்லை, நாம்தான் கொடுத்தோம் என்று 1909இல் காந்தி எழுதியதும் இதே திசையில்தான்.

அழகான வாதம். நடக்கவும் நடக்கிறது. 2024 டிசம்பர் 3ஆம் தேதி இரவு பத்தரை மணி வாக்கில் தென்கொரிய அதிபர் யூன் சுக் யோல் தொலைக்காட்சியில் தோன்றி ராணுவச் சட்டத்தை அறிவித்தார். ஹெலிகாப்டர்களில் வந்த வீரர்கள் நாடாளுமன்ற வளாகத்தில் இறங்கினார்கள். வாசலில் பொதுமக்கள் கூட்டம். உறுப்பினர்கள் மதிலேறிக் குதித்து உள்ளே போனார்கள். அறுபது வயதைத் தாண்டிய சபாநாயகரும் அப்படித்தான் போனார். ஊழியர்கள் நாற்காலி மேசைகளைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். நள்ளிரவு தாண்டி ஒரு மணி அளவில், உள்ளே வந்து சேர்ந்த 190 பேரும் ராணுவச் சட்டத்தை நீக்க வாக்களித்தார்கள். விடிவதற்குள் அதிபர் பின்வாங்கினார். 2025 ஏப்ரல் 4ஆம் தேதி அரசியல்சட்ட நீதிமன்றம் அவரை ஒருமனதாகப் பதவிநீக்கம் செய்தது. அன்றிரவு நாடாளுமன்றம் தீர்மானம் போட முடிந்ததற்கு மக்கள் எதிர்த்து நின்றதும், படையினரும் காவலர்களும் உத்தரவை முழுமனதோடு நிறைவேற்றாததும் காரணம் என்று தீர்ப்பே குறிப்பிட்டது. இதே நாட்டில், 1980 மே மாதம், இதே போன்ற ராணுவச் சட்டத்தின் கீழ் குவாங்ஜு நகரில் வீரர்கள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2024இல் துப்பாக்கியோடு வந்து தயங்கி நின்ற தலைமுறை, குவாங்ஜுவைப் பள்ளியில் பாடமாகப் படித்து வளர்ந்த தலைமுறை.

இதை உற்சாகமாக அண்ணனிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "துப்பாக்கி வச்சிருந்த பையன் வேற ஆளுக, வாசல்ல நின்ன சனம் வேற ஆளுக இல்லயே தம்பி? வேறயா இருந்திருந்தா?"

லா போயெசியின் புத்தகத்தில் பலரும் மேற்கோள் காட்டாத இன்னொரு பகுதி இருப்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். கொடுங்கோலனைச் சுற்றி ஐந்தாறு பேர். அவர்களை அண்டி அறுநூறு பேர். அந்த அறுநூறு பேரை அண்டி ஆறாயிரம் பேர். ஒவ்வொருவருக்கும் மேலே இருப்பவனிடமிருந்து ஏதோ ஒரு லாபம் என்று ஒரு சங்கிலியை அவர் விவரிக்கிறார். அப்படியென்றால் ஆள்பவனுக்கு எல்லோருடைய பணிவும் தேவையில்லை. சங்கிலியில் இருப்பவர்களுடையது போதும். சங்கிலிக்கு வெளியே நிற்பவன் தாங்கவும் இல்லை. எனவே தாங்குவதை நிறுத்துகிறேன் என்று அவன் மிரட்டவும் முடியாது.

*

இதற்கு வரலாற்றில் ஏறத்தாழ ஓர் ஆய்வுக்கூடப் பரிசோதனை போலவே ஒன்று நடந்திருக்கிறது. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் 1865 முதல் 1909 வரை அரியணையில் இருந்தார். 1885இலிருந்து 1908 வரை இன்னொரு நாட்டுக்கும் அவர்தான் அரசர்: பெல்ஜியத்தைப் போல் எழுபது மடங்குக்கும் மேல் பெரிதான காங்கோ. அது பெல்ஜியத்தின் காலனி அல்ல. அவருடைய சொந்தச் சொத்து மாதிரி. பெயர் என்னவோ 'காங்கோ சுதந்திர அரசு'. அங்கே அவர் ஒரு தடவைகூடக் காலடி வைத்ததில்லை.

ஒரே மனிதர். ஒரே மூளை, ஒரே ஆசைகள். பெல்ஜியத்தில் அவருடைய எந்த உத்தரவும் அமைச்சர் ஒருவர் கூடவே கையெழுத்திட்டால்தான் செல்லும். 1831ஆம் வருட அரசியல்சட்டம் அப்படி. வேறொரு நாட்டுக்குத் தலைவராக இருக்கக்கூட அவர் நாடாளுமன்றத்தின் சம்மதத்தைக் கேட்க வேண்டியிருந்தது. அவர் காலத்தில்தான் பெல்ஜியத்தில் குழந்தைத் தொழிலுக்குக் கட்டுப்பாடு வந்தது. 1893இல் பொது வேலைநிறுத்தம் ஒன்றுக்குப் பிறகு வயது வந்த ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. (படித்தவர்களுக்கும் சொத்துள்ளவர்களுக்கும் கூடுதல் வாக்கு உண்டு என்பது வேறு விஷயம்.) இவையெல்லாம் அரசரின் நல்ல மனசால் வந்தவையல்ல. பெல்ஜியத் தொழிலாளி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பெல்ஜியம் நின்றுவிடும்.

காங்கோவில் அவருக்குத் தேவைப்பட்டது 'ஃபோர்ஸ் புப்ளிக்' என்ற கூலிப்படையும் அதன் ஐரோப்பிய அதிகாரிகளும் மட்டுமே. சைக்கிளுக்கும் மோட்டார் வண்டிக்கும் காற்றடைத்த டயர் வந்த காலம், ரப்பருக்குப் பறந்தார்கள். ஒவ்வொரு கிராமமும் இத்தனை ரப்பர் கொண்டுவர வேண்டும் என்று அளவு வைத்தார்கள். எவ்வளவு ரப்பர் வருகிறதோ அதற்கேற்பப் பகுதி அதிகாரிக்கு ஊக்கத்தொகை. ஆண்கள் காட்டுக்குள் போய்க் கொடியைக் கீறிப் பால் எடுத்து வரும்வரை பெண்களைப் பிணையாகப் பிடித்து வைத்தார்கள். தோட்டாவை வீணாக்கவில்லை என்று கணக்குக் காட்ட, சுட்டவரின் கையை வெட்டி எடுத்து வந்தார்கள் சிப்பாய்கள்; கணக்கு இடித்தபோது உயிரோடு இருந்தவர்களின் கையையும் வெட்டினார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்குச் சரியான எண்ணிக்கை கிடையாது. அந்த மக்களை எண்ணிப் பார்க்கும் தேவை அவர்களை ஆண்டவருக்கு இருக்கவில்லை.

இந்தக் கொடுமை வெளியே தெரிந்த விதம் என் போன்ற கணக்குப் பேர்வழிகளுக்குப் பிடித்தமானது. லிவர்பூல் கப்பல் நிறுவனம் ஒன்றில் எழுத்தராக இருந்த எட்மண்ட் மொரெல், வேலையாக அடிக்கடி ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்குப் போய்வந்தவர். காங்கோவிலிருந்து ரப்பரும் தந்தமும் மலைமலையாக வந்து இறங்குகின்றன. திரும்பிப் போகும் கப்பல்களில் என்ன போகிறது? பெரும்பாலும் துப்பாக்கிகளும் தோட்டாக்களும். வியாபாரச் சரக்கு போகவில்லையென்றால் அந்த ரப்பருக்கு யாரும் விலை கொடுக்கவில்லை என்றுதானே அர்த்தம்? கப்பல் பேரேட்டைப் பார்த்தே அது கட்டாய உழைப்பு என்று மனிதர் கண்டுபிடித்துவிட்டார். பிறகு பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட் நேரில் போய் விசாரித்த அறிக்கை 1904இல் வெளியானது. கூச்சல் பெருகி, 1908இல் பெல்ஜியம் காங்கோவைத் தன் காலனியாக்கிக்கொண்டது. கைமாற்றுவதற்கு முன் லியோபோல்ட் காங்கோ ஆவணங்களை எரிக்கச் செய்தார்.

இந்த இரட்டை அரசரை உதாரணமாகக் காட்டி எழுதியவர்களில் ஒருவர் அமெரிக்க அரசியல் அறிஞர் புருஸ் புவேனோ டி மெஸ்கிட்டா. அவரும் மூன்று சகாக்களும் 2003இல் ஒரு புத்தகமாக வைத்த கோட்பாட்டின் சாரம் சிக்கலானதல்ல. பதவியில் நீடிக்க எத்தனை பேரின் ஆதரவு இன்றியமையாதது என்று பாருங்கள். அந்தக் கூட்டம் சிறிதென்றால் அவர்கள் பைகளை நிரப்புவது மலிவு. பெரிதென்றால் ஒவ்வொருவர் பையையும் நிரப்பிக் கட்டுப்படியாகாது. சாலை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் என்று பொதுவில் செய்துதான் ஆகவேண்டும். முடியாட்சி, குடியாட்சி என்ற பெயர்ப் பலகையைவிட இந்த எண் அதிகம் பேசும் என்கிறார்கள். மனித மனத்தில் நீதியுணர்வுக்கும் வெட்கத்துக்கும் இடமே வைக்காத கோட்பாடு இது என்ற மனத்தாங்கல் எனக்கு உண்டு. மொரெலும் கேஸ்மென்ட்டும் எந்தக் கூட்டத்தின் கணக்கில் வருவார்கள்? ஆனாலும் லியோபோல்டை இதைவிட நன்றாக விளக்கிய வேறொன்றை நான் படிக்கவில்லை.

வளைகுடாவில் இருக்கும் வாசகர்களுக்கு இதில் வேறொரு கணக்கும் தோன்றும். கத்தாரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் வசிப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு வெளிநாட்டவர்கள். அவர்கள் உழைப்பு இல்லாமல் அங்கே ஒரு நாள் நகராது. ஆனால் அந்த உழைப்பை யார் தருகிறார் என்பது முக்கியமில்லை. ஒருவர் போனால் அடுத்த விமானத்தில் இன்னொருவர். கருவூலமோ எண்ணெயாலும் எரிவாயுவாலும் நிறைவது. உழைப்பு இன்றியமையாதது, உழைப்பவர் மாற்றத்தக்கவர் என்ற நிலையில் சங்கிலியில் இடம் கிடைப்பதில்லை.

*

இதெல்லாம் மன்னர்களின் கதை. அண்ணன் சொல்ல வந்தது மன்னர்களைப் பற்றியல்ல.

இலங்கைக்கு வயதுவந்தோர் அனைவருக்குமான வாக்குரிமை 1931லேயே வந்துவிட்டது. இந்தியாவுக்கு இருபது வருடம் முன்பே. 1947இல் நாடாளுமன்றத் தேர்தல். 95 தொகுதிகளில் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 42. மலையகத் தமிழர்களின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர்களும் சபைக்குள் வந்தார்கள். வேறு சில தொகுதிகளில் தோட்டத் தொழிலாளர்களின் வாக்குகள் இடதுசாரிகளுக்குப் போயின. மறு வருடம் சுதந்திரம். அதே 1948இல், சுதந்திர நாடாளுமன்றத்தின் தொடக்கக் காலச் சட்டங்களில் ஒன்றாக, 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாரிடம் இருக்கும் பாட்டனின் பிறப்புப் பத்திரம்? ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் ஒரு சட்டத்தில் நாடற்றவர்களானார்கள். 1949இல், குடிமக்களுக்கே வாக்கு என்று தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க வழிசெய்யும் சட்டம் ஒன்றும் வந்தது. விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டார்கள். இந்தப் பிரச்சினையில்தான் தமிழ்க் காங்கிரஸ் பிளந்து, செல்வநாயகத்தின் தலைமையில் தமிழரசுக் கட்சி பிறந்தது.

எந்த ஓர் இனத்துக்கும் பாரபட்சமாகச் சட்டம் இயற்றக்கூடாது என்று அரசியல்சட்டத்தில் 29ஆம் பிரிவு இருந்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. சட்டம் எந்த இனத்தின் பெயரையும் சொல்லவில்லையே, குடிமகன் யார் என்று தீர்மானிக்க நாட்டுக்கு உரிமை உண்டே என்று 1953இல் தீர்ப்பு வந்தது. அதற்குள் 1952 தேர்தல் முடிந்துவிட்டது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 54 இடங்கள். இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஒன்றுகூட இல்லை.

புரட்சி இல்லை, ராணுவச் சட்டம் இல்லை. ஆட்சிமுறையின் பெயரில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அரிஸ்டாட்டில் வந்து பார்த்திருந்தால் 1947இல் போட்ட கட்டத்திலேயே 1952ஐயும் போட்டிருப்பார். இங்கே மக்கள் ஆட்சியை மாற்றவில்லை. ஆட்சி மக்களை மாற்றிக்கொண்டது. மலையகத்தாரிடம் மிஞ்சியிருந்த ஒரே பிடி, தேயிலையைப் பறிக்காமல் நிறுத்துவது. 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி கிடைத்தது.

அண்ணனின் தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து போனவர். அப்பா தோட்டத்திலேயே 1925இல் பிறந்தவர். தாத்தா இந்தியாவில் பிறந்த குற்றத்துக்காக அப்பாவின் குடியுரிமை போயிற்று. அண்ணனும் நாடற்றவராகவே பிறந்தார். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசுவோம் என்று பங்கு பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. பெரியப்பா குடும்பம் இந்தியப் பங்கில் விழுந்தது. தலைமன்னாருக்குப் போகும் ரயிலுக்கு மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்றே பெயர். கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, கோத்தகிரியில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். அண்ணனின் அப்பா ஹற்றனிலேயே தங்கிவிட்டார். 1988 சட்டத்துக்குப் பிறகுதான் அவருக்குக் குடியுரிமை கைக்கு வந்தது. எல்லோருக்கும் வந்து முடிய 2003 ஆயிற்று.

"அப்பா 47இல ஒரு ஓட்டுப் போட்டாரு. அடுத்த ஓட்டு 94இல, அறுபத்தொம்பது வயசில" என்றார் அண்ணன். அதுவரை தேர்தலுக்குத் தேர்தல் அவர்கள் லயத்தில் வாக்குள்ள வீடுகளுக்கு மட்டும் போய்க் கும்பிட்டுவிட்டு, இவர்கள் வாசலைத் தாண்டிப் போன வேட்பாளர்கள், அந்த முறை நின்று, அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்களாம்.